நரியோடையில் ஒற்றைப் பாதி

ஒரு இலையின் தோலை நீங்கள் எப்போதாவது உரித்துப் பார்த்திருக்கிறீர்களா?

பள்ளிக்கூடத்தில் ஒருவேளை செய்திருப்பீர்கள். உரித்த தோலை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் சின்னச் சின்ன வாய்கள் தெரியும். இலை மூச்சு விடுவது அவற்றின் வழியாகத்தான். காற்றில் கரியமில வாயு அதிகமாக இருந்தால் இலைக்கு வாய்கள் குறைவாகப் போதும். குறைந்தால் நிறைய வேண்டும். ஆகவே வாய்களை எண்ணினால், அந்த இலை இருந்த காலத்தின் காற்று எப்படி இருந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

பன்னிரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய இலைக்கும் இது பொருந்தும். ஆனால் அதன் தோல் கிடைக்கவேண்டும். கல்லில் பெரும்பாலும் மிஞ்சுவது அச்சு மட்டும்தான். வெயிலும் மழையும் பட்ட இடத்தில் தோல் உதிர்ந்துவிடும். ஈரக்காற்று புகாத ஆழத்தில் எங்கோ ஒன்றிரண்டில் கறுப்பாக, காகிதம் போல, ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்தத் தோலைத் தேடித்தான் செழியன் நரியோடைக்குள் தனியாகப் போனான். போனது நேற்றுக் காலை. இன்னும் திரும்பவில்லை.

நரியோடையில் வருஷத்தில் பத்து மாதம் தண்ணீர் இருக்காது. செம்மண்ணையும் சாம்பல் நிறக் களிமண்ணையும் மழை அறுத்து அறுத்து உண்டாக்கிய பள்ளம் அது. உள்ளே போகப் போக ஒன்று இரண்டாகப் பிரியும், இரண்டு நாலாகும். இரண்டு பக்கமும் பனைமர உயரத்துக்குச் சுவர். எல்லாச் சுவரும் ஒரே மாதிரி இருக்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் ஆடு மேய்க்கிறவர்கள்கூட அதற்குள் இறங்கமாட்டார்கள்.

இது ஐப்பசி.

ஓடை வாயில் வேலிக்கருவை நிழலில் செழியனின் பைக் நின்றிருந்தது. சீட்டின் மேல் ராத்திரிப் பனி துடைக்கப்படாமல் இருந்தது. அவன் தங்கை மங்கை அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். அண்ணன் கொண்டுவரும் கல்லை அமிலத்தில் கரைத்து இலைத்தோலைப் பிரிப்பது அவள் வேலை. இரண்டு பேருக்கும் ஒரே ஆய்வகம். இரண்டு வருஷமாக அவனிடம் அவள் சொல்லிவந்தது ஒன்றுதான்: "இதுல தோல் இல்ல. இன்னும் உள்ள இருந்து கொண்டா."

"தீயணைப்புக்காரங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"ஏரி உடைஞ்ச ஊருக்குப் போயிருக்காங்களாம். இங்க வர மத்தியானம் ஆயிடுமாம்," என்றான் ஜாபர். அவனும் அதே ஆய்வகம்தான். செழியனுக்கு அடுத்தபடி இந்த ஓடைக்கு அதிகம் வந்தவன் அவன்.

ஜீப் டிரைவர் ஆரோக்கியம் மேற்கே பார்த்தார். பச்சைமலைப் பக்கம் வானம் ஈயச் சட்டி மாதிரி கறுத்திருந்தது.

"மத்தியானம் வரைக்கும் அது தாங்காது," என்றார். "அங்க பெய்ஞ்சா இங்க தண்ணி. நாம நனையவே வேணாம், அடிச்சுக்கிட்டுப் போயிடும்."

"அப்ப நாமளே போவோம்," என்றாள் மங்கை.

கயிறு, தண்ணீர், தார்ப்பாய், கடப்பாரை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். ஆரோக்கியம் ஜீப்பின் ஜாக்கியை ஒரு அரிசிச் சாக்கில் போட்டுத் தோளில் மாட்டினார்.

"அது எதுக்குண்ணே? உள்ள யாருக்காவது பஞ்சரா?" என்றான் ஜாபர்.

"போன மாசம் ஒண்ண வண்டியிலேயே விட்டுட்டு டீ குடிக்கப் போனேன். டீயும் நல்லா இல்ல, வந்து பாத்தா ஜாக்கியும் இல்ல. ஆபீசுல நான்தான் வித்துட்டேன்னு பேசுறானுங்க. இனிமே இது என் கூடவேதான் தூங்கும்."

ஜாபர் சிரித்தான். மங்கை அதற்குள் இறங்கிவிட்டிருந்தாள்.

உள்ளே காற்றே இல்லை. சுவர்களிலிருந்து மண் சரசரவென்று உதிர்ந்தபடி இருந்தது. ஆரோக்கியம் வாயைக் குவித்துக் கூப்பிடப் போனார்.

"சத்தம் வேணாண்ணே," என்று ஜாபர் அவர் கையைப் பிடித்தான். "இந்தச் சுவரு நின்னுக்கிட்டு இருக்கிறதே பெரிய விஷயம்."

முதல் பிரிவு வந்தது. வலதும் இடதும் ஒரே அகலம். மங்கை குனிந்து தரையையே பார்த்துக்கொண்டு நடந்தவள் சட்டென்று நின்றாள். வழியின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பலகைக்கல், முகம் மேலே பார்க்க, மண்ணில் அழுத்திப் பதிக்கப்பட்டிருந்தது. அதன்மேல் சீப்பு மாதிரி ஒரு இலையின் அச்சு.

"ஒத்தப் பாதி," என்றாள்.

"அப்படின்னா?" என்றார் ஆரோக்கியம்.

ஜாபர் சொன்னான். கல்லை உளியால் பிளந்தால் இலை இரண்டு பாதியிலும் பதிந்திருக்கும். ஒன்றில் மேடு, இன்னொன்றில் பள்ளம். இரண்டும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தும். அந்த ஜோடியை யாரும் பிரிக்கமாட்டார்கள். முகத்தோடு முகம் வைத்து நியூஸ்பேப்பரில் சுற்றித்தான் பையில் போடுவார்கள். ஒரு பாதி தொலைந்தால் இன்னொரு பாதியும் பாதிக் கதைதான் சொல்லும்.

"செழியண்ணன் சோத்தக்கூட விட்டுட்டு வருவாரு. பாதியை விடமாட்டாரு," என்றான்.

"அப்ப வேணும்னுதான் விட்டுட்டுப் போயிருக்கான்," என்றாள் மங்கை. கல்லைத் தொடாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். எதுவும் தட்டிவிடாமல் இருக்கச் செழியன் அதைக் குதிகாலால் மிதித்து இறக்கியிருந்தான். சுற்றிலும் ஷூ தடம் இருந்தது. "அடையாளத்துக்குச் சுண்ணாம்புதான போட்டுக்கிட்டுப் போவான் எப்பவும்? அது தீந்திருக்கும். இலையோட நுனி இடது பக்கம் பாக்குது. வாங்க."

இடது பக்கம் போனார்கள். அடுத்த பிரிவிலும் ஒரு பாதி இருந்தது. அதன் நுனி வலது பக்கம் காட்டியது. அந்த வழியில் கொஞ்ச தூரத்தில் ஒரு பிஸ்கட் காகிதம் கிடந்தது. மங்கையின் நடை வேகமானது.

"பாப்பா, மெதுவா," என்றார் ஆரோக்கியம். "நீ விழுந்து வச்சீன்னா உன்னையும் சேத்துத் தூக்கணும். என்கிட்ட ஜாக்கி ஒண்ணுதான் இருக்கு."

தலைக்கு மேலே தெரிந்த வானத்துண்டு சாம்பலாகிவிட்டது. தூரத்தில் எங்கோ இடி உருண்டது. சுவரிலிருந்து ஒரு கூடை மண் சரிந்து விழுந்து ஆரோக்கியத்தின் முதுகில் பட்டது.

மூன்றாவது பிரிவுக்கு ஜாபர்தான் முதலில் போய்ச் சேர்ந்தான். அங்கே வழி மூன்றாகப் பிரிந்தது. நடுவில் கல் இருந்தது. மங்கை வளைவு திரும்பி வந்தபோது அது அவன் கையில் இருந்தது.

அவன் அதை நாக்கால் தொட்டு ஈரப்படுத்தி, சாய்வான வெளிச்சம் பட வேண்டுமென்று இப்படியும் அப்படியும் திருப்பி, கண்ணருகே லென்ஸை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மங்கை, இங்க பாரு. இலையோட காம்புல பூ மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. இப்படி ஒண்ணு நான் பாத்ததே இல்ல. இது..."

அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான்.

"எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்துச்சு?" என்று கேட்டாள்.

அவன் கல்லைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், மூன்று வழிகளையும் பார்த்தான்.

"ஜாபர்."

"கை தானா போயிடுச்சு," என்றான் மெல்ல.

ஆய்வகத்தில் முதல் நாள் சொல்லித் தருவதே இதைத்தான். எடுப்பதற்கு முன் படம் எடு, பக்கத்தில் அளவுகோல் வை, வடக்கு எது என்று குறி. அதன் பிறகு தொடு. எல்லாரும் தலையாட்டுவார்கள். நல்ல இலை ஒன்று கண்ணில் பட்டதும் எல்லாரும் மறப்பார்கள். செழியனும் மறந்திருக்கிறான், மங்கையும்தான். மற்ற நாட்களில் அதனால் கெட்டுப்போவது ஒரு குறிப்பு மட்டும்தான்.

"நான் அந்தப் பக்கத்துல இருந்து வந்தேன். குனிஞ்சு எடுத்தேன். நுனி என்னைப் பாத்து இல்ல. அது நிச்சயம்," என்றான் ஜாபர். "நடு வழின்னு நினைக்கிறேன்."

"நினைக்கிறியா?"

"நடு வழிதான்."

நடு வழிதான் அகலமாகவும் இருந்தது. போனார்கள். வழி வளைந்து வளைந்து நீண்டது. ஷூ தடம் எதுவும் இல்லை. தரை கெட்டியாக இருப்பதால் தெரியவில்லை என்று ஜாபர் சொன்னான். மறுபடியும் சொன்னான். கடைசியில் மூன்று பக்கமும் சுவர் வந்தது. ஆந்தை ஒன்று பொந்திலிருந்து எழுந்து அவர்கள் தலைக்கு மேலே பறந்து போனது.

ஜாபர் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றான். முதல் மழைத்துளி அவன் கழுத்தில் விழுந்தது.

"திரும்புங்க," என்றாள் மங்கை. அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஓடித் திரும்பினார்கள். பிரிவுக்கு வந்தபோது தூறல் பிடித்துக்கொண்டது. மங்கை முழங்கால் போட்டுத் தரையில் கைகளால் தடவினாள்.

"என்ன தேடுற பாப்பா?"

"மறுபாதியை."

"அது உங்கண்ணன்கிட்ட இல்ல இருக்கும்?"

"மேல் பக்கத்துக்கு ஜோடி அவன்கிட்ட இருக்கு. அடிப்பக்கத்துக்கு ஜோடி இங்கதான் இருக்கணும். மிதிச்சு இறக்கியிருக்கான்ல. மண்ணுல அச்சு விழுந்திருக்கும்."

இருந்தது. ஆரோக்கியத்தின் செருப்புத் தடம் அதில் பாதியை அழித்திருந்தது. மீதியில் மழைத்துளி விழுந்து ஓரங்கள் கரையத் தொடங்கியிருந்தன. ஜாபர் சட்டையைக் கழற்றி அதன் மேலே கூரை மாதிரி பிடித்தான். மங்கை கல்லை வாங்கி அந்தக் குழியில் வைத்தாள். உட்காரவில்லை. கொஞ்சம் திருப்பினாள். உட்காரவில்லை. கல்லின் ஒரு மூலை உளி பட்டு உடைந்திருந்தது. குழியிலும் ஒரு மூலை மழுங்கியிருந்தது. இரண்டையும் நேராக்கி வைத்து அழுத்தினாள். கல், மூடி மாதிரி இறங்கியது.

இலையின் நுனி இடது ஓரத்து வழியைக் காட்டியது. இருப்பதிலேயே குறுகலான வழி. ஒரு ஆள் பக்கவாட்டில்தான் நுழையமுடியும்.

மங்கை முன்னே நுழைந்தாள். ஜாபர் கல்லை எடுத்துப் பனியனுக்குள் போட்டுக்கொண்டு பின்னால் வந்தான். ஆரோக்கியம் ஜாக்கிச் சாக்கைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி தொந்தியை உள்ளிழுத்துக்கொண்டு கடைசியாக வந்தார்.

கொஞ்ச தூரத்தில் டக் என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு மறுபடி. இரும்பு கல்லில் படுகிற சத்தம். ரொம்ப மெதுவாக, விட்டு விட்டுக் கேட்டது.

வழி அகன்ற இடத்தில் சுவரின் அடியில் கறுஞ்சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை ஓடியது. இலைப்படுகை அதுதான். அதற்கு மேலே பழுப்பு மணற்கல் தட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது. படுகையைக் குடைந்து ஒரு ஆள் ஊர்ந்து போகும் அளவுக்குப் பொந்து வெட்டியிருந்தான் செழியன். வெட்ட வெட்ட இலைகள் நன்றாக இருந்திருக்கும். இன்னும் ஒரு முழம், இன்னும் ஒரு முழம் என்று உள்ளே போயிருப்பான். மேலே இருக்கும் பாறையை அந்தக் களிமண்தான் தாங்கிக்கொண்டிருந்தது என்பது அவனுக்குத் தெரியாததல்ல. பாறையின் ஒரு பாளம் இறங்கிப் பொந்தின் வாயைப் பாதி மூடியிருந்தது. அதன் கீழே அவனது இடது கால் இருந்தது. உடம்பு பொந்துக்கு வெளியே, சேற்றில். கையில் சுத்தியல். சட்டை இல்லை.

"யாரு?"

"அண்ணா."

"மங்கையா? நீ எதுக்கு வந்த? ஜாபரை அனுப்புனா பத்தாதா?"

"பேசாத. எப்ப விழுந்துச்சு?"

"நேத்து மத்தியானம். முதல்ல வலிச்சுது. இப்ப ஒண்ணுமே தெரியல." உதடு வெடித்திருந்தது. "சுண்ணாம்புப் பை கிழிஞ்சிடுச்சு. வழியில பிளந்த கல்லுல தோல் ஒட்டாத பாதியா பாத்து வச்சுட்டு வந்தேன். பாத்தியா?"

"பாத்தோம்."

"மூணாவதுல பூ இருந்துச்சே."

"பாத்தோம்ணே," என்றான் ஜாபர். தண்ணீர்ப் புட்டியை அவன் வாயில் வைத்தான்.

தரையில் விரல் கனத்துக்கு ஒரு நீர்க்கோடு ஊர்ந்து வந்து செழியனின் இடுப்பைத் தொட்டு வளைந்து போனது. ஆரோக்கியம் அதைப் பார்த்தார். சாக்கைக் கொட்டி ஜாக்கியை எடுத்தார். ஜாபர் இடுப்புப் பெல்ட்டை உருவி செழியனின் தொடையில் இறுக்கிக் கட்டினான்.

"சார், கொஞ்சம் ஆடும். நீங்க ஆடாதீங்க," என்றார் ஆரோக்கியம்.

பாளத்தின் விளிம்புக்குக் கீழே ஜாக்கியை நிறுத்தி அடித்தார். பாறை ஏறவில்லை. ஜாக்கிதான் சேற்றுக்குள் இறங்கியது. எடுத்து மறுபடி வைத்தார். மறுபடியும் இறங்கியது.

"அடியில பலகை மாதிரி ஏதாவது வேணும். கெட்டியா, தட்டையா."

ஜாபர் சுற்றிலும் தேடினான். கிடந்ததெல்லாம் உருண்டைக் கற்கள். ஒன்றை வைத்தார்கள். ஜாக்கி நழுவியது. கடப்பாரையைக் குறுக்கே போட்டார்கள். அது ஒரு பக்கமாக அமிழ்ந்தது. தண்ணீர் இப்போது கணுக்கால் வரை வந்துவிட்டது. நிறம் மாறிச் செம்மண் குழம்பாக வந்தது. மேலே எங்கோ நன்றாகப் பெய்கிறது.

செழியன் தலைக்கு வைத்திருந்தது அவன் பை. அதைத் தன் சட்டையால் சுற்றியிருந்தான். தண்ணீர் ஏறவும், ஈரம் படாமல் இப்போது இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தான். மங்கை அதைப் பார்த்தாள். அவள் பார்ப்பதை அவன் பார்த்தான்.

"அது வேணாம்," என்றான்.

"கையை எடுண்ணா."

"உள்ள இருந்து எடுத்தது, மங்கை. நீ கேட்டது. தோல் பளபளன்னு இருக்கு. நகத்தால உரிச்சா வந்துடும் போல இருக்கு. இத்தனை வருஷத்துல ஒருத்தருக்கும் கிடைக்கல."

"தெரியும்."

"கொஞ்சம் பொறு. தீயணைப்புக்காரங்க..."

"வரமாட்டாங்க. கையை எடு."

அவன் எடுக்கவில்லை. அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். அவனிடம் பலமே இல்லை. சின்ன வயதில் அவளிடமிருந்து பொம்மையைப் பிடுங்கிய கை அது.

பொட்டலங்களைப் பிரித்தாள். நியூஸ்பேப்பருக்குள் பலகைக் கற்கள் முகத்தோடு முகம் வைத்துக் கிடந்தன. மூன்று மட்டும் ஜோடி இல்லாமல் தனியாக இருந்தன. ஒன்றின் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டாள். பார்த்திருக்கக் கூடாது. கறுப்பாக, ஈரமாக, நேற்று உதிர்ந்தது மாதிரி ஒரு இலை. நடு நரம்பு, ஓரம், காம்பு எல்லாம் இருந்தன. அதன் மேல் மழைத்துளி விழுந்து உருண்டது.

அதைப் பாளத்தின் விளிம்புக்குக் கீழே சேற்றில் முதலில் வைத்தாள். அதன் மேலே அடுத்ததை வைத்தாள். ஜாபர் எடுத்து எடுத்துக் கொடுத்தான். இரண்டு பேரும் அதற்கப்புறம் எதையும் திருப்பிப் பார்க்கவில்லை.

"உனக்குக் கால் இருந்தா மறுபடியும் வந்து எடுக்கலாம்," என்றாள்.

செழியன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

ஆரோக்கியம் ஜாக்கியை அடுக்கின் மேல் நிறுத்தி அடித்தார். அடியில் ஒரு கல் நொறுங்கும் சத்தம் கேட்டது. இன்னொன்று நொறுங்கியது. நொறுங்கியது அப்படியே அழுந்திக் கெட்டியானது. ஜாக்கி நின்றது. பாறை ஒரு முனகலோடு விரல் அளவு எழும்பியது.

"இழு," என்றார்.

மங்கையும் ஜாபரும் ஆளுக்கொரு அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தார்கள். செழியன் அப்போதுதான் முதல் தடவையாகக் கத்தினான். கால் வெளியே வந்தது. அது கால் மாதிரி இல்லை. ஆரோக்கியம் கையை எடுத்ததும் ஜாக்கி சாய்ந்து பாளம் முழுசாக இறங்கியது. பொந்தும், படுகையும், ஜாக்கியும் அதற்குக் கீழே போயின.

"போச்சா," என்றார் ஆரோக்கியம். "இதையும் வித்துட்டேன்னுதான் சொல்லப் போறானுங்க."

தார்ப்பாயில் போட்டுத் தூக்கினார்கள். குறுகல் வழியில் அவனை நிற்க வைத்து, பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்திக் கொண்டுவர வேண்டியிருந்தது. முழங்கால் அளவு தண்ணீர் பின்னாலிருந்து தள்ளியது. பின்னால் சுவர்கள் தொப் தொப்பென்று விழுந்தன. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாவது பிரிவில் வைத்திருந்த கல் தண்ணீருக்குள் எங்கோ போய்விட்டது. முதல் பிரிவில் இருந்ததும் இல்லை. ஆனால் அதற்குள் வழி அவர்களுக்கு மனப்பாடமாகியிருந்தது. ஓடை வாயில் கரை ஏறி ஜீப்பின் பின்சீட்டில் அவனைக் கிடத்தியபோது, பைக் நின்ற இடத்தில் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. வேலிக்கருவையின் தலை மட்டும் தெரிந்தது.

ஊர் எல்லையில் நாலைந்து பேர் குடையோடு நின்றிருந்தார்கள். உயிரோடு வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் ஒருவர் துண்டை எடுத்து வீசி வழிவிடச் சொன்னார். ஆரோக்கியம் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார்.

செழியனின் தலை தங்கை மடியில் இருந்தது. கண் மூடியிருந்தான். தூங்கிவிட்டான் என்றுதான் நினைத்தார்கள்.

"எல்லாமே போச்சா?" என்று கேட்டான்.

முன்சீட்டிலிருந்த ஜாபர் பனியனுக்குள் கையை விட்டு ஈரமான கல்லை எடுத்துப் பின்பக்கம் நீட்டினான்.

"மூணாவதுண்ணே. பூ இருந்தது. நான் திசை பாக்காம எடுத்துட்டேன். அதனால ரொம்ப நேரம் போயிடுச்சு."

செழியன் அதை வாங்கி விரலால் தடவினான்.

"இது தோல் ஒட்டாத பாதி," என்றான். கல்லை ஜாபரிடமே திரும்ப நீட்டி, "படம் எடுத்தியா?" என்று கேட்டான்.

"இல்ல."

"எடுக்கணும்டா," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ஆய்வகத்தில் சொல்வது மாதிரிதான் சொன்னான்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் செழியனின் இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். மங்கை சம்மதக் கையெழுத்துப் போட்டாள். மழை விட்டிருந்தது. ஜாபர் ஓடைக்குப் போய்ப் பார்த்தான். இலைப்படுகை இருந்த சுவர் அங்கே இல்லை. அங்கிருந்து ஆய்வகத்துக்குப் போய் அந்த ஒற்றைப் பாதியைக் கழுவி லென்ஸில் பார்த்தான். பூவின் அடியில் எள்ளளவுக்குக் கறுப்பாக, காகிதம் போல, ஏதோ ஒட்டியிருந்தது. பக்கத்தில் அளவுகோலை வைத்தான். படம் எடுத்தான்.